வழி கேட்பவருக்கு எதைச் சொல்வது

தரவுத்தளப் பராமரிப்பு வேலையில் நீண்ட காலமாக இருப்பதால், அந்தத் துறைக்குள் வர விரும்புகிறவர்களும், வந்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களும் என்னிடம் அடிக்கடி வழி கேட்பதுண்டு. உறவினர்களின் பிள்ளைகள், அலுவலகத்தில் வேறு பிரிவில் இருப்பவர்கள், யாரோ என் எண்ணைக் கொடுத்ததால் அழைப்பவர்கள் எனப் பலரும் இதில் அடக்கம். ஏறக்குறைய எல்லோரும் தொடங்குவது ஒரே கேள்வியில்தான்: "எந்தக் கோர்ஸ் படிக்கலாம்?" ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது மிக எளிது, கேட்டவரும் மகிழ்ச்சியோடு போய்விடுவார். ஆனால் அப்படிச் சொன்ன பெயர்கள் பெரும்பாலும் பணத்தையும் சில மாதங்களையும் விழுங்கியதோடு சரி. அறிந்ததைத் தாராளமாகக் கொடுப்பது என்றால் கேட்பவர் இப்போது நிற்கும் இடத்துக்கு நாம் முதலில் போய்ப் பார்ப்பதுதான் என்ற முடிவுக்கு நான் வந்தது, இப்படி வழி கேட்டவர்கள் பின்னர் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைக் கவனித்துவந்ததால்தான்.

எனவே, பதில் சொல்வதற்கு முன் நான் சில கேள்விகளைக் கேட்கிறேன். இப்போது என்ன செய்கிறீர்கள்? அந்த வேலையில் எந்தப் பகுதியைச் செய்யும்போது நேரம் போவது தெரிவதில்லை? வாரத்துக்கு உண்மையாகவே எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும்? இதுவரை எதையெல்லாம் முயன்று பார்த்து விட்டுவிட்டீர்கள்? வருமானம் இல்லாமலோ குறைந்த வருமானத்திலோ எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும்? கடைசிக் கேள்வியைக் கேட்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற எல்லா ஆலோசனைகளையும் தீர்மானிப்பது அதுதான். மூன்று மாதத்துக்குள் சம்பளம் வந்தாக வேண்டிய ஒருவருக்கு இரண்டு வருடப் படிப்பைப் பரிந்துரைப்பது, அது எவ்வளவு நல்ல படிப்பாக இருந்தாலும், அவருக்கு உதவுவதாகாது.

கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு துறை மாற வேண்டும் என்று வந்தார். பேசப் பேச, அவருக்கு நிரல் எழுதுவதில் பெரிய ஈர்ப்பு இல்லை என்பதும், இரண்டு பட்டியல்களுக்கு இடையே ஒத்துப்போகாத தொகையைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அபாரமான பொறுமை இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்தப் பொறுமை தரவுத் தரச் சரிபார்ப்பு என்ற வேலைக்கு மிகவும் வேண்டியது. அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னேன். அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். தரவுத்தளத்திலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் மட்டும் இப்போதைக்குப் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "எந்தக் கோர்ஸ்" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் இவை எதுவும் வெளிவந்திருக்காது.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில், பாடம் சொல்லும் முறையைக் கூறும் நூற்பாவில், "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து" என்று பவணந்தி முனிவர் ஒரு வரிசையை வைத்திருக்கிறார். வெகுளாமல், அதாவது கோபப்படாமல், இருப்பது பழகினால் வந்துவிடுகிறது. விரையாமல் இருப்பதுதான் கடினம். கேள்வியின் பாதியிலேயே பதில் தெரிந்துவிடும்போது வாயை மூடிக்கொண்டு மீதியையும் கேட்பதற்கு எனக்கு இன்றுவரை முயற்சி தேவைப்படுகிறது. அந்த மீதிப் பாதியில்தான் பெரும்பாலும் உண்மையான கேள்வி இருக்கிறது.

அனுபவசாலிகள் சொல்வது புதியவர்களுக்கு ஏன் அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல விளக்கம் தருகிறது. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தைச் சிலரை மேசையில் விரலால் தட்டச் சொல்லி, எதிரில் இருப்பவர்களை அது என்ன பாடல் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டவையோ 120 பாடல்களில் மூன்று. தட்டுகிறவரின் தலைக்குள் முழுப் பாடலும் ஓடிக்கொண்டிருக்கிறது; கேட்பவருக்குக் கிடைப்பது வெறும் தட்டல் மட்டுமே. "இன்டெக்ஸைச் சரியாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று நாங்கள் புதியவரிடம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியமும் அப்படிப்பட்ட ஒரு தட்டல்தான்; இன்டெக்ஸ் என்பது தேடலை விரைவாக்கும் பொருளடக்கம் போன்றது என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

இதனால் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் சில வாரங்களில் கேட்கும் கேள்விகளை, எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்துக்கொள்கிறேன். நாளடைவில் அந்தப் பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு பாடமாக வளர்ந்துவிட்டது. பேக்கப் என்ற காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறோர் இடத்தில் ரிஸ்டோர் செய்து, அதாவது மீட்டெடுத்து, பார்க்காத வரையில் அதை நம்பக்கூடாது. தரவை அழிக்கும் டெலீட் கட்டளையை ஓட்டுவதற்கு முன் அதே நிபந்தனையோடு, தரவை எடுத்துக் காட்ட மட்டும் செய்யும் செலக்ட் கட்டளையை ஓட்டி எத்தனை வரிசைகள் அகப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடாமல் இருக்க, சோதனை சர்வரின் திரையும் உண்மையான சர்வரின் திரையும் ஒரே நிறத்தில் இருக்கக்கூடாது. நடப்பவற்றை சர்வர் பதிந்துவைக்கும் லாகில் பிழைகள் மளமளவென்று கொட்டும்போது கடைசிப் பிழையைப் பிடித்துத் தொங்காமல் முதலில் வந்ததைத் தேடிப் போக வேண்டும். இவற்றையெல்லாம் செய்கிறவர்களுக்கு இவை அறிவாகவே தோன்றுவதில்லை. யாராவது கேட்கும்போதுதான், இதையும் சொல்லியாக வேண்டும் என்பது தெரிகிறது.

இன்னொன்றையும் இதிலிருந்து புரிந்துகொண்டேன். வழி சொல்வதற்குப் பெரிய நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சற்று முன்பு அதே இடத்தைக் கடந்தவராக இருந்தால் போதும். பல சமயம் அவரே பொருத்தமானவர். இதற்கு ஜேன் மார்செட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் உரைகளைக் கேட்டவர் அவர். சோதனைகள் வேகமாக நகர்ந்ததால் தம்மால் பின்தொடர முடியவில்லை, பிறகு ஒரு நண்பரோடு உரையாடிப் பார்த்தபோதுதான் விளங்கியது என்ற அனுபவத்திலிருந்து, ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவியரும் பேசிக்கொள்வதுபோல வேதியியல் நூல் ஒன்றை எழுதினார். முதலில் வெளிவந்தபோது அதில் அவர் பெயர்கூட இல்லை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த, பின்னாளில் பெரும் அறிவியலாளரான மைக்கேல் ஃபாரடே, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படிக்கும் பழக்கம் உள்ளவர். அவரை வேதியியலுக்குள் இழுத்துச் சென்றவற்றில் மார்செட்டின் நூலும் ஒன்று. 1812இல் அந்தக் கடையின் வாடிக்கையாளர் ஒருவர் டேவியின் உரைகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். ஃபாரடே தாம் எடுத்த குறிப்புகளைச் செம்மையாக எழுதி, தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே நிறுவனத்தில், இளையோருக்காக 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைத் தொடர்களில் 19 தொடர்களை ஃபாரடே நிகழ்த்தினார்.

அந்தத் துறையில் டேவி மேதை. மார்செட்டோ அப்போதுதான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர். ஆனால் எந்தப் படியில் கால் இடறும் என்பது மார்செட்டுக்கு நினைவிருந்தது. அதனால்தான் என்னிடம் வருபவர்களில் தொடக்க நிலையில் இருப்பவர்களை, போன வருடம்தான் இந்த வேலையில் சேர்ந்த இளைஞர்களிடம் அனுப்புகிறேன். "எனக்கே இன்னும் சரியாகத் தெரியாதே" என்று அந்த இளைஞர்கள் தயங்குவார்கள். நேர்முகத் தேர்வில் இப்போது என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும், என்னிடம் கேட்டால் தெரியாது. நான் தேர்வுக்குப் போன காலம் வேறு. நேற்றுக் கற்றதை இன்று எழுதிவைத்தால்தான் அதில் இடறிய இடங்கள் பதிவாகும் என்றும், ஆறு மாதம் கழித்தால் எல்லாமே எப்போதும் தெரிந்ததுபோல் ஆகிவிடும் என்றும் அவர்களிடம் சொல்வேன்.

எவ்வளவு சொல்வது என்பது தனிக் கேள்வி. 1985இல் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதம் கற்பவர்களிடம் செய்த ஆய்வில், புதியவர்களுக்குக் கணக்கைக் கொடுத்து முட்டி மோத விடுவதைவிட, முழுமையாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிக்கக் கொடுப்பது நன்றாகப் பயன்படுவது தெரிந்தது. தேர்ந்தவர்களுக்கு அதே விரிவான விளக்கம் இடைஞ்சலாக மாறுகிறது என்பதை ஸ்வெல்லரும் ஸ்லாவா கல்யுகா முதலியோரும் 2003இல் ஒரு கட்டுரையில் தொகுத்து எழுதினார்கள். என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. ஒன்றுமே தெரியாதவரிடம் "நீங்களே கண்டுபிடியுங்கள், அப்போதுதான் நிற்கும்" என்று சொல்வது பார்க்கப் பெரிய ஆசிரியத்தனமாக இருக்கும். உண்மையில் அது கைகழுவுவதுதான். அவருக்கு முதல் க்வெரியை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, நானே எழுதி, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். இரண்டு வருடம் வேலை பார்த்தவர் வந்தால், விளக்கத்தை நிறுத்திவிட்டு, "இது மெதுவாக ஓடுவதற்கு என்ன காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்பதோடு நின்றுவிடுகிறேன்.

வேலை, படிப்பு, துறை மாற்றம் பற்றிய ஆலோசனையில் நான் கடைப்பிடிக்கும் முக்கியமான ஒழுங்கு, முடிவைச் சொல்லாமல் காரணங்களைச் சொல்வது. "நான் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன், நீங்களும் சேருங்கள்" என்பதில் கேட்பவர் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால், "அப்போது என் வருமானத்தை நம்பி யாரும் இல்லை, சம்பளம் குறைந்தாலும் எல்லா வகையான பிரச்சினைகளையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அதனால் சேர்ந்தேன், அதன் விலையாகப் பல வருடம் முறையான பயிற்சி எதுவும் கிடைக்கவில்லை" என்று சொன்னால், தம் நிலைமை எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்பதை அவரே எடைபோட முடியும். நான் நேரில் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, என் ஊகம் ஆகிய மூன்றையும் பேச்சில் பிரித்தே சொல்கிறேன். எழுதிக் கொடுத்தால் தேதியும் போடுகிறேன். தேதி இல்லாத தொழில் ஆலோசனை கைமாறிக் கைமாறி, பத்து வருடத்துக்கு முந்தைய நிலவரத்தை இன்றைய உண்மையாகக் காட்டிவிடும்.

விலையைச் சொல்வதில்தான் பலரும் தயங்குகிறார்கள். ஆர்வத்தோடு வந்தவரின் மனத்தைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். எங்கள் வேலையில் ஆன்-கால் முறை உண்டு. நள்ளிரவில் சர்வர் விழுந்தால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார வேண்டும். நாளின் பெரும்பகுதி புதிதாக ஒன்றை உருவாக்குவதில் போவதில்லை, பிறர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்வதில் போகிறது. எல்லாம் நன்றாக நடக்கும்போது நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. இதைக் கேட்ட ஒருவர் சில நாள் யோசித்துவிட்டு, தமக்கு இது சரிப்படாது என்று சொல்லிக் கற்பித்தல் துறைக்குப் போனார். அதை நான் தோல்வியாக எண்ணவில்லை. போகக்கூடாத வழி எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வது, மூன்று வருடம் கழித்துத் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

பேச்சினால் மட்டும் யாருக்கும் தம் விருப்பம் தெரிந்துவிடாது என்பதால், முதல் சந்திப்பின் முடிவில் ஒரு சிறு பணியைக் கொடுக்கிறேன். யாரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் கிடைக்கும் தரவுத் தொகுப்பு ஒன்றை, எஸ்க்யூலைட் அல்லது போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச மென்பொருள் ஒன்றில் ஏற்ற வேண்டும். அதிலிருந்து, தமக்கு உண்மையாகவே அறிய ஆவலான மூன்று கேள்விகளுக்கு விடை எடுக்க வேண்டும். பிறகு ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, அட்டவணையை வேண்டுமென்றே அழித்து, மீட்டுக் கொண்டுவர வேண்டும். விடைகள் சரியா என்பதைவிட, முதல் பிழைச் செய்தி வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பதில்தான் எனக்கு ஆர்வம். சிலர் அந்தச் செய்தியைப் படித்துத் தேடிப் போய், இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலருக்கு அது வெறும் எரிச்சல். வேறு சிலர், கேள்விகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் தங்களுக்கு மகிழ்ச்சி இருந்தது என்பார்கள். அவர்களுக்குப் பகுப்பாய்வுப் பக்கம் வழி இருக்கலாம். நான் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

அறிமுகம் செய்துவைப்பதைப் பலரும் அறிவுப் பகிர்வின் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் வைப்பேன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம், எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். மாதிரி சிறியதுதான் என்றாலும், காரணம் எளிதில் விளங்கக்கூடியது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய செய்தி சற்றுத் தள்ளியிருப்பவர்களிடமிருந்தே வர வேண்டும். ஃபாரடேவுக்குச் சீட்டுக் கொடுத்த வில்லியம் டான்ஸ் ஓர் இசைக்கலைஞர். அவர் வேதியியல் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரிடம் போனால் விளங்கும் என்பதை அறிந்து, கதவைத் திறந்துவிட்டார். நானும் இருபுறமும் கேட்டுக்கொண்ட பிறகே அறிமுகம் செய்கிறேன். வெறும் எண்ணை அனுப்பாமல், இவர் யார், என்ன முயன்றிருக்கிறார், எந்த ஒரு விஷயத்தில் அரைமணி நேரம் பேச விரும்புகிறார் என்று நான்கு வரி எழுதி அனுப்புகிறேன். அந்த நான்கு வரி இருந்தால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

இவ்வளவையும் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நிச்சயமில்லாத காலத்தில் அந்தப் பயத்தை ஏளனம் செய்வது நியாயமில்லை. நான் அருகிலிருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு முக்கியமான செயல்முறையை யாருக்கும் எழுதித் தராமல் தம் தலையிலேயே வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரால் நிம்மதியாக விடுப்பு எடுக்க முடியவில்லை. அவரை அந்த இடத்திலிருந்து எடுத்தால் வேலை நின்றுவிடும் என்பதால், மேலே போகும் வாய்ப்புகளும் அவரைத் தாண்டிப் போயின. அவர் பூட்டி வைத்திருந்த அறைக்குள் அவரே இருந்தார். மாறாக, தாம் செய்வதை அடுத்தவர் செய்யும்படி குறிப்பெழுதி ஒப்படைத்தவர்களையே புதிய வேலைக்கு முதலில் அழைத்தார்கள். எங்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன்; நன்றாகச் சொல்லிக்கொடுத்தவரை அதற்குப் பிறகு மறந்துவிடும் அலுவலகங்களும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள், தாம் பயிற்சி கொடுத்ததற்கும் எழுதிய குறிப்புகளுக்கும் பதிவு இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

தாராளத்துக்கும் எல்லை வேண்டும். வேலை பார்த்த இடங்களின் உள் விவரங்களையும் வாடிக்கையாளர் தகவல்களையும் எடுத்துக்காட்டுக்குக்கூடச் சொல்வதில்லை. அதே வடிவமுள்ள கற்பனைத் தரவை வைத்து விளக்குகிறேன். வரி, ஒப்பந்தம், குடியேற்றம் பற்றிய கேள்விகள் வந்தால், எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல், உரிய தொழில்முறை ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி நிறுத்திவிடுகிறேன். அவற்றில் ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குப் பெரும் இழப்பாக முடியலாம். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை மட்டும் இதற்கென ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் எந்நேரமும் கிடைப்பவனாக இருக்க முயன்றால் அலுப்பு வரும், அலுப்பில் சொல்லும் பதில் கேட்பவரைச் சிறுமைப்படுத்தும். இரண்டாவது சந்திப்புக்கு முன் அந்தச் சிறு பணியை எந்த நிலையில் இருந்தாலும் அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பலர் அனுப்புவதில்லை. அவர்களை நான் துரத்துவதுமில்லை, காரணம் கேட்பதுமில்லை. வீட்டில் என்ன நிலைமை என்பது நமக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து அனுப்பினாலும், அன்று தொடங்கியதுபோலவே திறந்து பார்த்து, முதல் பிழை வந்தபோது என்ன செய்தீர்கள் என்ற கேள்வியிலிருந்து பேச்சைத் தொடர்கிறேன்.